கொக்கு மீனுக்கு நாலடி இடம்

நம்மவர் வீடுகளில் மீன் தொட்டி இப்போது புதுமையான பொருள் அல்ல. செம்பூரில் ஒரு கட்டடத்தில் நாலு வீடு ஏறி இறங்கினால், ஒரு வீட்டுக் கூடத்திலாவது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி குமிழி விட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கியவர்கள் உண்டு. வாஸ்து பார்த்தவர் சொன்னார் என்று வாங்கியவர்களும் உண்டு. இவர்களில் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்வதானால் முதலில் என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு மீனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமலே அதை வாங்கினேன். அது செத்தது. அதிலிருந்து எனக்கு உண்டான ஒரு கருத்தை அன்பர்கள் முன் வைக்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு குர்லாப் பக்கம் ஒரு மீன் கடைக்குப் போனேன். தங்க மீன் வாங்குவதாகத்தான் ஏற்பாடு. உள்ளே ஒரு தொட்டியின் மேல்மட்டத்தில் ஏழெட்டு மீன்கள் ஆடாமல் அசையாமல் குச்சி போல மிதந்தன. ஒரு சாண் நீளம், பென்சில் பருமன், பச்சை கலந்த வெள்ளி உடம்பு. தலைக்கு முன்னால் இரண்டு ஊசிகளைச் சேர்த்து வைத்தாற்போல் நீண்ட அலகு.

“தாத்தா, இது முதலைக் குட்டியா?” என்றான் பேரன்.

“கார் ஃபிஷ், அங்கிள். நல்ல ஷோ பீஸ்” என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஷோ பீஸ் என்று சொன்னது என் சின்ன வயதுச் சிநேகிதனை. திருநெல்வேலிச் சீமையில், மருதூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்காலில் நாங்கள் குளிக்கும்போது, கரையோரப் புல்லின் நிழலில் இது நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். கெண்டைக் குஞ்சு ஒன்று பக்கத்தில் வந்ததும் தலையை ஒரு வெட்டு வெட்டும். அவ்வளவுதான், குஞ்சு அலகுக்குள். கரையில் நிற்கும் கொக்கும் தண்ணீரில் நிற்கும் இதுவும் ஒரே தொழிலைச் செய்வதால் நாங்கள் கொக்கு மீன் என்போம். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. கேட்ட விலையைக் கொடுத்து இரண்டு வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு மாநாடே நடந்தது. எதிர் வீட்டுத் திருச்சூர்க்காரர், “இது எங்கள் கோலான் அல்லவா!” என்றார். மேல்மாடி வங்காளத்து அம்மையார் “காக்கிலா” என்று பெயர் சொல்லி, பொரித்தால் எப்படியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடலில் வாழும் இதன் உறவினங்களை நம் கடற்கரையிலும் யாழ்ப்பாணத்திலும் முரல் என்பார்கள். அறிவியல் பெயரிலும் அந்த வங்காளப் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஜெனென்டோடான் கான்சிலா. 1822இல் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதை முதலில் விவரித்து எழுதினார். ஹாமில்டன் என்பது அவர் பின்னாளில் ஏற்றுக்கொண்ட பெயர். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலபார் சீமைகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய புக்கானன் அவர்தான். பாகிஸ்தானிலிருந்து இந்தியா, இலங்கை, வங்கதேசம், பர்மா வழியாகத் தாய்லாந்துக்கு அப்பால் மீகாங் ஆறு வரை இந்த மீன் வாழ்கிறது. ஆக, கடைக்காரர் வெளிநாட்டுச் சரக்கு போலக் காட்டிய மீன் நம் வயல் வாய்க்கால் மீன்.

‘கார்’ என்ற பெயரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஈட்டி என்று பொருள். ஐரோப்பியக் கடலில் உள்ள முரல் மீனுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் இருந்தது. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே ஆறுகளில் கண்ட நீண்ட வாய் மீனுக்கும் அதையே வைத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு குலம். அமெரிக்கக் காரில் ‘அலிகேட்டர் கார்’ என்று ஒன்று உண்டு. அது எட்டடிக்கு மேலும் வளரக்கூடியது. விரல் நீளக் குஞ்சாக அதுவும் நம் கடைகளுக்கு வருகிறது. பெயர் ஒன்று, அலகும் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஏமாந்து போகிறவர்கள் உண்டு. அந்த மீனின் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம். மூன்று நாள் இரண்டு மீன்களும் நிம்மதியாகவே இருந்தன, அல்லது இருந்ததாக நாங்கள் நினைத்தோம். தீபாவளி இரவு கீழே யாரோ ஓர் அணுகுண்டைக் கொளுத்தினார்கள். அது வெடித்த கணத்தில் இரண்டில் பெரியது அம்பு போலப் பாய்ந்து எதிர்க் கண்ணாடியில் மோதியது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவிலும் அது என் காதில் விழுந்தது. போய்ப் பார்த்தால் மேல் அலகு நடுவில் ஒடிந்து மேலே மடங்கியிருந்தது. அடுத்த நாளிலிருந்து அது சாப்பிடவில்லை. சாப்பிட முயன்றது, பிடிக்க முடியவில்லை. ஒடிந்த இடத்தில் பஞ்சு போல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. ஒன்பதாம் நாள் செத்தது. பேரன் அழவில்லை. “நாம பெரிய தொட்டி வாங்கியிருந்தா செத்திருக்காதுல்ல, தாத்தா?” என்று மட்டும் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இது தற்செயலான விபத்து அல்ல என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மீனை வளர்த்தவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் செய்தியே இதுதான்: மிரண்டால் பாயும், பாய்ந்தால் அலகு ஒடியும். காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் பறவைக் கோலா என்பார்களே, தண்ணீரை விட்டு எழும்பிப் பறக்கும் அந்த மீனும் முரலும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. ஆபத்து வந்தால் கீழே முங்கி ஒளிவது இவற்றின் வழக்கம் அல்ல. மேல்மட்டத்திலேயே முன்னால் பாய்வதும் தண்ணீருக்கு வெளியே துள்ளுவதும்தான் வழக்கம். ஆற்றில் முன்னால் பாய நூறு கஜம் இருக்கிறது. தொட்டியில் ஒன்றரை அடி இருக்கிறது. கண்ணாடி என்று ஒன்று இருப்பது மீனுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சுவர் எந்த ஆற்றிலும் இல்லை.

அந்த அலகு உருவாகும் விதமும் தெரிந்துகொள்ளத் தக்கது. இந்தக் குடும்பத்து மீன்கள் பிறக்கும்போதே நீண்ட அலகோடு பிறப்பதில்லை. முதலில் கீழ்த்தாடை நீள்கிறது. மேல்தாடை பின்னால் நீண்டு வந்து அதோடு சேர்கிறது. அப்படி வளர்ந்து முடிந்த ஒன்று ஒரு வெடிச் சத்தத்தில் ஒடிந்துபோனது. இரை பிடிக்க அதற்கு வேறு உறுப்பு கிடையாது. நமக்குக் கை ஒடிந்தால் ஊட்டிவிட ஆள் உண்டு.

வாங்கும்போது நான் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். “இரண்டடித் தொட்டி போதுமா?” என்றேன். “தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும், அங்கிள்” என்றார். இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மீன் வளர்ப்பில் இதைவிடப் பரவலான தவறு வேறு இல்லை. சின்னத் தொட்டியில் மீன் சின்னதாக நிற்பது உண்மைதான். ஆனால் அது தொட்டிக்கு மரியாதை கொடுத்து நிற்கவில்லை. கழிவு சேர்ந்த தண்ணீரும் ஓயாத மிரட்சியும் அதன் வளர்ச்சியைத் தடுத்து, ஆயுளையும் குறைக்கின்றன. சிறிய செருப்புப் போட்டால் பிள்ளையின் கால் அந்த அளவிலேயே நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? கொக்கு மீன் 40 சென்டிமீட்டர் வரை வளரும் இனம். தொட்டியில் ஓரடியை எட்டுவது சாதாரணம். ஓரடி நீளமுள்ள, எளிதில் வளையாத உடம்புள்ள மீன் ஓரடி அகலத் தொட்டியில் திரும்புவது எப்படி?

சரி, என்னதான் வேண்டும்? தொட்டி குறைந்தது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் இருக்க வேண்டும். உயரம் அவ்வளவு முக்கியமில்லை, மேல்மட்டத்து மீன் ஆயிற்றே. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், குழாய் நுழையும் சந்தைக்கூட அடைக்க வேண்டும். பின்பக்கத்துக்கும் இரு பக்கங்களுக்கும் வெளியே கரும்பச்சைத் தாள் ஒட்டினால் எல்லை எது என்று மீனுக்குப் புலப்படும். மேலே ஆகாயத் தாமரை நாலைந்து மிதந்தால் நிழலும் ஒளிவிடமும் ஆகும். இருட்டில் தொட்டி விளக்கைத் திடீரென்று போடக்கூடாது. முதலில் அறை விளக்கு, பத்து நிமிஷம் கழித்துத் தொட்டி விளக்கு. மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் உண்டு, ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் ஊன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். கொக்குக்கு இருக்கும் பொறுமையில் கால்வாசியாவது நமக்கு வேண்டாமா?

உணவு விஷயம் இன்னும் கடினம். டப்பாவில் விற்கும் உருண்டைத் தீனியை இது திரும்பியும் பார்க்காது. அசைவதைத்தான் பிடிக்கும். சிறு மீன், சென்னாக்கூனி போன்ற சிறு இறால், பூச்சி இவைதான் அதன் சாப்பாடு. கொசு ஒழிப்புக்காக மாநகராட்சி கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுகிறதே கப்பி மீன், அதைத்தான் பலரும் உயிரோடு போடுகிறார்கள். கடையில் மலிவாக வாங்கும் கப்பியோடு நோயும் சேர்ந்து வரும். பழக்கினால் இறந்த இறாலை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டு மீனுக்கு அந்தப் பழக்கம் வர ஐந்து வாரம் ஆயிற்று. செம்பூரில் நம்மவர் பலர் சைவம். ஓர் உயிரை இன்னோர் உயிருக்குப் போடுவது மனசுக்கு ஒவ்வாது என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் அவர்கள் இந்த மீனை வாங்கக்கூடாது. மீனைச் சைவமாக்க முடியாது.

ஆம், “எங்கள் வீட்டு மீன்” என்றேன். இரண்டாவது மீன் உயிரோடு இருந்ததே, அதை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாயிற்று. நாலடித் தொட்டி வைப்பதென்றால் கூடத்தில் இருந்த திவானை எடுக்க வேண்டும். என் மனைவி சொன்னது: “மனுசனுக்கே எடமில்லாத ஊர்ல மீனுக்கு நாலடி எடமாக்கும்!”

அந்தப் பேச்சுக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. 1972இல் நான் இந்த ஊருக்கு வந்தபோது தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எனக்குக் கிடைத்தது ஒரு பாய் விரிக்கும் இடம். அதுவும் இரவு ஷிப்டுக்குப் போனவர் திரும்பிவரும் வரைதான். அந்த அறையின் ஞாபகம் உள்ளவன் மீனுக்கு நாலடி கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். இன்றும் நம் மக்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கவில்லை.

ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் எனக்கு ஒன்று பட்டது. நான் அந்த அறைக்கு ரயிலேறி நானாக வந்தேன். வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மாதம் பிறந்தால் ஊருக்கு மணியார்டர் போயிற்று. நெருக்கடி தாங்காத அன்று எழுந்து மாஹிம் கடற்கரைக்கு நடந்தேன். மீன் தானாக வரவில்லை. யாருக்கும் பணம் அனுப்பவில்லை. எழுந்து போகவும் அதற்கு வழியில்லை. இடம் இல்லாத ஊர் என்பது மீனைக் குறுக்குவதற்குக் காரணம் ஆகாது. மீனை வாங்காமல் இருப்பதற்குத்தான் அது காரணம் ஆகும். இதை மனைவியிடம் சொன்னேன். “அப்ப வாங்காம இருந்திருக்கணும்” என்றாள். அதுதான் சரியான பதில் என்று ஒப்புக்கொண்டேன். வாங்கிவிட்ட பிறகு என்ன செய்வது? திவான் போயிற்று.

நாலடிக்கு ஒன்றரை, ஒன்றரை என்றால் ஒன்பது கன அடி. தண்ணீர் மட்டும் சுமார் 250 லிட்டர், அதாவது 250 கிலோ. கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். நாலு தடித்த ஆட்கள் கூடத்தின் ஒரு மூலையில் ராத்திரி பகல் நிற்பதற்குச் சமம். கட்டடச் செயலாளர் வந்து பார்த்து, உத்தரத்தை ஒட்டிச் சுவரோரம் வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார். ‘ஷோ பீஸ்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தது என்பது வாங்கும்போது தெரியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வாதங்கள் சிலவற்றை நண்பர்கள் சொன்னார்கள். ஒருவர் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கிறீர். அந்த மீனுக்கு இல்லாத கவலை இந்த மீனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?” நல்ல கேள்வி. என் பதில் இது: சாப்பிடும் மீனுக்கு நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை உணவாக வாங்கினேன், அதன் கதை அத்தோடு முடிந்தது. தொட்டி மீனை நான் வளர்க்கிறேன் என்று சொல்கிறேன். வளர்ப்பது என்ற சொல்லை வாயில் எடுத்துவிட்டால் நாள்தோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர் வீட்டு நாயைப் பட்டினி போடலாம் என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொருவர், “எந்த மீனையுமே தொட்டியில் வளர்ப்பது பாவம், எல்லாவற்றையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்” என்றார். அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொன்னால் விருப்பமும் இல்லை. 1951இல் மெரின் டிரைவில் திறந்த தாராபோர்வாலா மீன் காட்சிசாலையில் வரிசையில் நின்று மீன் பார்த்துத்தான் பம்பாய்ப் பிள்ளைகள் பலர் கடலை அறிந்தார்கள். சென்னையில் அதற்கும் முன்பே, 1909இல், மெரினா கடற்கரையில் ஒரு காட்சிசாலை இருந்தது. பார்த்தால்தான் பிரியம் வரும். கொக்கு மீன் அழியும் நிலையில் உள்ள இனமும் அல்ல. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் அதைக் கவலை குறைந்த இனமாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் கடையில் உள்ள கொக்கு மீன் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது அல்ல, ஆற்றிலும் குளத்திலும் பிடித்தது. நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் இத்தகைய நாட்டு மீன்களில் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கொல்கத்தா வழியாகப் போகிறது. திறந்த நீரில் வளர்ந்த ஒன்றை அடைக்கும்போது நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது.

மூன்றாமவர், “இதற்கெல்லாம் சட்டம் போட வேண்டும்” என்றார். போட்டுப் பார்த்தார்கள். 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்கும் காட்சிசாலைகளுக்கும் விரிவான விதிகளை அறிவித்தது. வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் எதிர்த்தார்கள். விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீனை நம்பிப் பிழைக்கின்றன. அவர்கள் வயிற்றில் அடிக்கும் விதி நிற்காது, நிற்கவும் கூடாது. டில்லியில் போடும் விதியைவிட, கடைக்காரர் வாயிலிருந்து வரும் ஒரு கேள்வி அதிக நன்மை செய்யும் என்பது என் எண்ணம். “உங்கள் தொட்டி எத்தனை அடி?” என்று அவர் கேட்டால் போதும். இரண்டடி என்றால், “அப்படியானால் இது வேண்டாம், அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வேறு மீனைக் காட்டலாம். அவருக்கு வியாபாரமும் போகாது. அவர் கேட்காவிட்டால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வாயில் வந்த கேள்வி சரியானதுதான். ஆனால் பதிலை நான் நம்ப ஆசைப்பட்டேன். அதனால் மேலே விசாரிக்கவில்லை.

இனி அலிகேட்டர் காருக்கு வருகிறேன். வளர்க்க முடியாமல் போனவர்கள் பலர் செய்யும் காரியம், இரவோடு இரவாகக் கொண்டுபோய்ப் பக்கத்து ஏரியில் விடுவது. கொன்ற பாவம் வேண்டாம், பிழைத்துப் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அதன் பலன் என்ன? 2023இல் காஷ்மீரத்து தால் ஏரியில் களை அகற்றும்போது ஓர் அலிகேட்டர் கார் கிடைத்தது. அமெரிக்க மீனுக்கு ஸ்ரீநகரில் என்ன வேலை? அதே ஆண்டில் போபால் பெரிய ஏரியிலும் ஒன்று பிடிபட்டது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்களே தென் அமெரிக்க உறிஞ்சு மீன், அது இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகியவற்றின் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே பவாய் ஏரியிலோ நம்மூர் சரய் தலாவிலோ தொட்டி மீனை விடுவது புண்ணியம் அல்ல. கொக்கு மீன் நாட்டு மீன்தானே, விட்டால் என்ன என்று கேட்கலாம். தொட்டியில் பிடித்த நோயும் அதோடு போகும். பிடித்த ஆறு வேறு, விடும் ஏரி வேறு. முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். பல கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

அப்படியானால் இரண்டடித் தொட்டிக்காரர்கள் மீனே வளர்க்கக் கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். தொட்டிக்குத் தகுந்த மீனை வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் நம் மண்ணின் மீன்களே எத்தனையோ உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள செல்லக்காசு என்னும் மஞ்சள் மீன் மூன்று அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இலங்கைக்கே உரிய செர்ரி பார்ப் என்ற சின்னக் கெண்டை இரண்டு அங்குலம்தான், சிவப்போ கண்ணைப் பறிக்கும். வரிக்குதிரை போலக் கோடு போட்ட சீப்ரா மீன் வட இந்திய, வங்காள நீர்நிலைகளின் பிள்ளை. உலகத்து ஆய்வுக்கூடங்களெல்லாம் வளர்க்கும் அந்த மீனை நாமும் வளர்க்கலாமே. இவை உருண்டைத் தீனியும் சாப்பிடும், பட்டாசுக்கு அலகும் ஒடியாது.

முடிவாக நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாம் மீன் வாங்கும்போது கூடத்தை அளந்து தொட்டி வாங்குகிறோம், தொட்டியைப் பார்த்து மீனை வாங்குகிறோம். வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் அந்த மீன் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு, என்ன சாப்பிடும், மிரண்டால் என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். அதன் பிறகு தொட்டி. அதன் பிறகு நம் வீட்டில் அதற்கு இடம் உண்டா என்ற யோசனை. இல்லை என்றால் கடையில் ஐந்து நிமிஷம் நின்று கண் குளிரப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்துவிடலாம். பார்க்கத் தகுந்தது எல்லாம் வளர்க்கத் தகுந்தது ஆகாது. பிள்ளைகளிடம் “வேண்டாம்” என்று சொல்வதும், ஏன் வேண்டாம் என்று விளக்குவதும் ஒரு பாடம்தான். நான் அந்தப் பாடத்தைச் சொல்லித்தர ஒரு மீனின் உயிரைச் செலவழித்துவிட்டேன்.

எஞ்சிய மீன் இப்போது ஓரடியை நெருங்குகிறது. சாயங்காலம் பேரன் இடுக்கியில் இறாலைப் பிடித்து நீட்டினால் மெதுவாக நகர்ந்து வந்து, ஒரு கணம் நின்று, தலையை ஒரே வெட்டு. மருதூர்க் கால்வாயில் பார்த்த அதே வெட்டு. அது உயிரோடு இருக்கும் வரை வேறு மீன் வாங்குவதில்லை, அதற்குப் பிறகு கொக்கு மீனே வாங்குவதில்லை என்று தாத்தாவும் பேரனும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த கோடை விடுமுறையில் அவனை ஊருக்கு அழைத்துப் போய், வாய்க்கால் கரையில் உட்காரவைத்து, புல் நிழலில் நிற்பதைக் காட்டலாம் என்று இருக்கிறேன். வரப்போகும் தீபாவளிக்குத் தொட்டியின் மேல் இரண்டு கம்பளியைப் போர்த்திவிட்டுத்தான் விளக்கேற்றுவதாக உத்தேசம்.